உப்பு போட்ட பேட்டரியும் போடாத பேட்டரியும்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு இரண்டு பேட்டரி. இரண்டும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் வகை, 2018-இல் ஒரே நாளில் வாங்கியவை. முன்பெல்லாம் கரண்ட் போனாலும் நாலு ஃபேன் விடிய விடிய ஓடும். போன சித்திரையில் மூன்று மணி நேரத்திலேயே அலாரம் கத்த ஆரம்பித்தது. ஃபேன் நின்ற மறு நிமிடம் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். புது ஜோடி முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார் கடைக்காரர்.

"எப்சம் உப்பு போட்டால் செத்த பேட்டரி எழுந்திருக்கும்க்கா" என்று தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

பேட்டரி இறங்கும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏறும்போது அது கரைந்து பழையபடி ஈயமும் ஈய டையாக்சைடுமாக மாறும். அரைகுறை சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பொடிப் படிகங்கள் பெரிதாகி இறுகிவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'சல்பேட் பிடிச்சிடுச்சு' என்கிறார்கள். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் இரும்போ குளோரைடோ கலந்திருந்தால் பேட்டரிக்கு விஷம். அதனால் ஆய்வக ரசாயனக் கடையில் வாங்கினேன்.

ஒரு காரியம் மட்டும் யோசித்துச் செய்தேன். ஒரு பேட்டரிக்கு மட்டும் உப்பு, மற்றதற்கு இல்லை. ஆரம்பத்தில் முழு சார்ஜுக்குப் பிறகும் இரண்டிலும் ஆசிட்டைச் சோதிக்கும் ஹைட்ரோமீட்டர் 1.180 பக்கம்தான் காட்டியது; சார்ஜ் ஏற ஏற இந்த எண் கூட வேண்டும். இரண்டு கார் ஹெட்லைட் பல்புகளை மாட்டி, ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கவிட்டு, காலி என்று கொள்ளும் 10.8 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். உப்பு போடப்போவது 5 மணி 10 நிமிடம், மற்றது 5 மணி 20. புது பேட்டரி என்றால் ஏறக்குறைய 15 மணி நேரம் தாங்க வேண்டும்.

பேட்டரிக்குள் ஆறு அறைகள், அவைதான் செல்கள். ஒவ்வொரு செல்லிலிருந்தும் கொஞ்சம் ஆசிட் உறிஞ்சி, அதிலேயே செல்லுக்கு 150 கிராம் உப்பைக் கரைத்துத் திரும்ப ஊற்றினேன். கண்ணாடியும் கையுறையும் கழற்றவே இல்லை. அப்புறம் இரண்டையும் வராந்தாவில் வைத்து, 5 ஆம்பியரில் இரண்டு நாள் ஸ்லோ சார்ஜ். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் பக்கத்தில் விளக்குகூட ஏற்றவிடவில்லை.

மூன்றாம் நாள் காலை உப்பு போட்டதில் 1.215! தம்பிக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். உப்பு போடாததிலும் ஏறியிருந்தது, ஆனால் 1.195 வரைதான்.

மறுபடி பல்பு மாட்டினேன். உப்பு போட்டது 6 மணி. போடாதது 6 மணி 10 நிமிடம்.

கொஞ்ச நேரம் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹைட்ரோமீட்டர் அளப்பது அடர்த்தியை. எந்த உப்பைக் கரைத்தாலும் திரவம் கனக்கும், மிதவை உயரும். அதற்கு ஆசிட் திரும்பிவந்தது என்று அர்த்தமில்லை. இரண்டு பேட்டரிக்கும் கூடுதலாகக் கிடைத்த அந்த 50 நிமிடம் ஸ்லோ சார்ஜ் கொடுத்தது. பொது அயனி விளைவை வருடாவருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன்: ஏற்கனவே சல்பேட் நிறைந்த ஆசிட்டில் இன்னும் சல்பேட்டைச் சேர்த்தால் ஈய சல்பேட் கரைவது எப்படிக் கூடும்? இரண்டாவது பேட்டரி பக்கத்தில் இல்லாமல் போயிருந்தால் உப்புதான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

அமெரிக்காவில் இதே சண்டை அரசாங்கம் வரை போயிருக்கிறது. பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் என்று ஏ.டி.எக்ஸ்-2 என்ற பொடியை ஜெஸ் ரிச்சி என்பவர் விற்றார். பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மக்னீசியம் சல்பேட்டும்தான். பயனில்லை என்று தேசியத் தரநிர்ணய நிறுவனம் சோதித்துச் சொன்னது. 1953-இல் வணிகத் துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், அதன் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொல்லிவிட்டார். வாங்கியவர்கள் திருப்தியாக இருக்கிறார்களே, சந்தையின் தீர்ப்பை ஏன் மதிக்கவில்லை என்பது வீக்ஸின் வாதம். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தபின் ஆஸ்டின் பதவியில் நீடித்தார். அதே ஆண்டு தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் பொடியில் பயனில்லை என்றது. திருப்தியடைந்த அந்த வாடிக்கையாளர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பொடி போட்ட கையோடு பேட்டரியை நன்றாக சார்ஜும் செய்திருப்பார்கள்.

ஆடியில் உப்பு போட்ட பேட்டரியில் ஒரு செல் செத்துப்போனது. மெக்கானிக் அண்ணன் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிக் காட்டினார்: ஆசிட் காபி நிறத்தில் கலங்கியிருந்தது. "பாசிட்டிவ் பிளேட் உதிர்ந்துடுச்சும்மா. இதுக்கு எதை ஊத்துனாலும் ஒட்டாது." புதுசோடு பழசை ஜோடி சேர்க்கக் கூடாது என்பதால் இரண்டையும் ஆசிட்டோடு அப்படியே கடையில் எடைக்குக் கொடுத்துப் புது ஜோடி வாங்கினோம். சாக்கடையில் ஆசிட்டைக் கொட்டிவிட்டு டப்பாவை மட்டும் கொண்டுபோவார்கள் சிலர். ஈயம் கலந்த ஆசிட் அது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

இப்போது மாதம் முதல் ஞாயிறு டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்த்து, பன்னிரண்டு செல்லுக்கும் ரீடிங் எடுத்து நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிவைக்கிறேன். நேற்று எல்லாமே 1.240-க்குப் பக்கத்தில் இருந்தன.