26 இன்னிங்ஸ், 50 முட்டை

2023 டிசம்பர் மழையில் வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் என் ஸ்கோர் நோட்டுகள் இருந்தன. டென்னிஸ் பால் டோர்னமெண்டுகளுக்கு வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவை. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் குழம்பாகிவிட்டது. பேனா தீர்ந்துபோன ஒரு நாள் பென்சிலில் எழுதிய நோட்டு மட்டும் தப்பியது. மொட்டைமாடியில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தேன். ஒரு மெய்டன் ஓவர் கண்ணில் பட்டது. ஆறு புள்ளிகளையும் கோடிழுத்து எம் எழுத்தாக்கியிருந்தேன். அந்தப் பையனின் ரன் அப் வரைக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் பென்சில்தான். பென்சிலில் ஸ்கோர் எழுதுபவர்களைத் தேடிப் போனபோதுதான் பேஸ்பாலுக்குள் நுழைந்தேன். அந்த ஆட்டத்தின் கணக்குப் பட்டியலை, 'பாக்ஸ் ஸ்கோர்' என்பார்கள், வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க் பத்திரிகைகளுக்கு கிரிக்கெட் செய்தி எழுதியவர். நம்ம ஆள்! மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் கே என்று போடுவது அவர் வழக்கம்தான். 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து.

பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவன் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். 1920 மே 1, சனிக்கிழமை, பாஸ்டன் பிரேவ்ஸ் மைதானம். புரூக்ளின் ராபின்ஸுக்கும் பாஸ்டன் பிரேவ்ஸுக்கும் ஆட்டம். பேஸ்பால் இன்னிங்ஸ் சின்னது, மூன்று அவுட் ஆனால் அடுத்த அணி ஆட வரும். சாதாரணமாக 9 இன்னிங்ஸில் முடியவேண்டியது 26 இன்னிங்ஸ் போயிருக்கிறது. புரூக்ளின் 5-வது இன்னிங்ஸில் ஒரு ரன், பாஸ்டன் 6-வதில் ஒரு ரன். அப்புறம் 20 இன்னிங்ஸ் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. இருட்டிவிட்டதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். 1-1, டிரா.

புரூக்ளினுக்கு லியான் கடோர், பாஸ்டனுக்கு ஜோ எஷ்கர். அந்த இரண்டு பேர்தான் 26 இன்னிங்ஸும் பந்து போட்டார்கள். மாற்று ஆள் வரவேயில்லை. அந்தக் காலத்துப் பட்டியலில் எத்தனை பந்து போட்டார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் கிடையாது. அந்தத் தோள்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வலிக்கிறது. இத்தனையும் நடந்தது 3 மணி 50 நிமிடத்தில். நான் வகுத்துப் பார்த்தேன்: ஒரு அணி ஒரு முறை ஆடி முடிக்க நாலரை நிமிடம்கூட ஆகவில்லை.

பட்டியலை மேலிருந்து கீழே படிக்கணும், அவசரப்படாமல். பாஸ்டனின் சார்லி பிக் 11 தடவை ஆடியிருக்கிறார், ஒரு ஹிட் கிடையாது. அந்த மனுஷன் பன்னிரண்டாவது முறை வந்திருந்தால் அடித்திருப்பார் என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். முதல் பேஸில், அதாவது அடித்தவர் முதலில் ஓடிச் சேரவேண்டிய இடத்தில், நின்ற பாஸ்டனின் வால்டர் ஹோல்கி பேருக்கு நேரே 42. இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் வீதம் பாஸ்டன் எடுத்தது 78. அதில் 42 ஹோல்கி கையில் முடிந்திருக்கிறது. தரையோடு அடித்தவர் அங்கே ஓடிச் சேர்வதற்குள் பந்து முதல் பேஸ்காரர் கைக்கு வந்துவிட்டால் அவுட். அவருக்கு இவ்வளவு அவுட் வந்தால், அன்று பந்து பெரும்பாலும் தரையோடுதான் உருண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு எண், எஷ்கர் எப்படிப் போட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஞாயிறன்று பாஸ்டனில் ஆட்டத்துக்குத் தடை. அதனால் புரூக்ளின்காரர்கள் ஊர் திரும்பி, மறுநாள் பிலடெல்பியாவோடு 13 இன்னிங்ஸ் ஆடித் தோற்றார்கள். திங்கள் மறுபடி பாஸ்டன், 19 இன்னிங்ஸ், அதுவும் தோல்வி. மூன்று நாளில் 58 இன்னிங்ஸ், ஒரு ஜெயம் கிடையாது.

போன ஞாயிறு இதை என் கையாலேயே எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். லாங் சைஸ் நோட்டில் 26 கட்டம் அடங்கவில்லை, பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டினேன். மேல் வரிசை புரூக்ளின். 17-வது கட்டம் வரை வந்தபோது அக்கா பையன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, வெறும் முட்டையா போட்டுனு இருக்க? இது மட்டும் இன்னா, 1-2-3-2?"

பேஸ்பாலில் இடத்துக்கு ஒரு எண். பந்து போடும் பிட்சர் 1, அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3. கேரம் போர்டை எடுத்து மூலை என் பக்கம் வரும்படி திருப்பி வைத்தேன். நாலு குழியும் நாலு பேஸ், என் பக்கத்துக் குழி 'வீடு'. சுற்றி ஓடி அங்கே வந்து சேர்ந்தால் ரன். மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட். எலியட் அடித்த பந்து தரையோடு எஷ்கரிடம் வந்தது, அவர் கேட்சர் கௌடிக்கு வீசினார், மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வந்த சாக் வீட் என்பவர் அவுட். கௌடி ஹோல்கிக்கு வீச, அவர் கையில் பந்து தடுமாறியது. அதைப் பார்த்து இரண்டாவது பேஸிலிருந்து கிளம்பிய எட் கோனெச்சி நிற்காமல் வீட்டுக்கே ஓடிவந்தார். அவருக்குச் சிவப்புக் காயை வைத்தேன். ஹோல்கி திருப்பி வீச, கௌடி பாய்ந்து விழுந்து கோனெச்சியைத் தொட்டுவிட்டார். குழி வாசலில் சிவப்பை என் விரலால் நிறுத்தினேன்.

பையன் மூச்சு விடவில்லை. "அவ்ளோதானா, மேட்ச் முடிஞ்சிச்சா?"

"இல்லடா, இன்னும் ஒன்பது இருக்கு."

18-வது கட்டத்தைப் போட பென்சிலை அவனிடமே கொடுத்தேன்.