ஹெச்.எஃப் அனுமதி வாங்கிய கதை

பாறைகளில் இருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபடும் ஈய அணு வகைகளை, அளப்பது என் ஆய்வு. அதற்குப் பாறைத்தூளை முழுசாகக் கரைத்தாக வேண்டும். பாறை எளிதில் உருக உதவும் ஃபிளக்ஸ் என்ற பொருளைச் சேர்த்து உருக்கலாம்தான். ஆனால் ஃபிளக்ஸில் இருக்கும் ஈயமும் சேர்ந்துகொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். மிச்சம் இருந்த வழி ஹைட்ரோஃபுளூரிக் அமிலம், சுருக்கமாக ஹெச்.எஃப். எங்கள் லேபில் அதுவரை யாரும் தொட்டதில்லை.

பக்கத்துத் துறை நண்பர் தந்த செயல்முறையில் அறை எண்ணையும் பெயரையும் மட்டும் மாற்றி, வேதிப்பொருள் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து 11 கேள்விகளோடு திரும்பி வந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. கருத்தரங்குக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கைடு மட்டும், "ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதிப் பாரு, அப்புறம் பேசலாம்" என்றார்.

ஒரே நேரத்தில் எவ்வளவு அமிலம்? "தேவையான அளவு" என்று எழுதியிருந்தேன். குழுவில் இருந்த பேராசிரியர் என்னை உட்காரவைத்து, 2010-இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த வெடிவிபத்தைச் சொன்னார். வெடிக்கக்கூடிய அந்தச் சேர்மத்தை 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்பது அங்கே வாய்ச்சொல்லாகவே இருந்திருக்கிறது. தயாரானது சுமார் 10 கிராம். மாணவர் ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். வந்ததும் என் வரியை அடித்துவிட்டு எழுதினேன்: குப்பிக்கு 5 மில்லிலிட்டர், ஒரு தடவைக்கு 6 குப்பிகள்.

கையுறைக் கேள்விக்கு "நைட்ரைல்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருந்தேன். எந்தத் தடிமன், இந்தச் செறிவில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று திருப்பிக் கேட்டார்கள். டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் 1996-இல் லேடெக்ஸ் கையுறை போட்டுத்தான் வேலை செய்தார். அதன் மேல் சிந்திய சில துளி டைமெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சு நொடிகளில் ஊடுருவிவிட்டது. அடுத்த ஆண்டு இறந்துபோனார். கவனக்குறைவானவர் அல்ல அவர். கையுறை அந்தப் பொருளுக்குத் தாங்காது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. எனக்கோ தயாரிப்பாளரின் அட்டவணை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பார்க்கவில்லை. மெல்லிய நைட்ரைலுக்கு மேல் தடித்த நியோப்ரீன் என்று மாற்றினேன்.

சிந்தினால் என்ன செய்வாய் என்ற கேள்விதான் என்னை அதிகம் உலுக்கியது. லேபில் மணல் வாளி இருக்கிறது என்று எழுதியிருந்தேன். மணல் என்பது சிலிக்கா. நான் பாறையைக் கரைக்கக் கேட்ட அதே அமிலம் மணலோடும் வினைபுரிந்து நச்சு வாயுவைக் கிளப்பும். புவிவேதியியல் படிக்கிற எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா! வாளியை அகற்றிவிட்டு, ஹெச்.எஃப்-க்கென்றே இருக்கும் கால்சியம் கலந்த பொடியை வாங்கி வைத்தோம்.

முதலுதவிக்கு 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல். மாடி லேபில் இருந்த ஒரே ட்யூப் காலாவதியாகியிருந்தது. இந்த அமிலம் நீர்த்திருந்தால் பட்ட உடனே வலிக்காது. 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஒரு நாள் வரைகூட வலி தள்ளிப்போகலாம். அதற்குள் ஃபுளூரைடு உள்ளே இறங்கி, இதயத்துக்கு வேண்டிய கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலிக்கவில்லை என்று யாரும் சும்மா இருந்துவிடக் கூடாதென்பதால், கையுறைக்குள் ஈரம் தென்பட்டாலே விபத்தாகக் கருதிக் கழுவி, ஜெல் தடவி, மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதினேன். பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் நேரில் போனேன். ஊசியாகப் போடும் கால்சியம் குளுக்கோனேட் இருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்தேன். பணியில் இருந்த செவிலியர் அதை வாசித்துவிட்டு மேசைக்கு எதிரே ஒட்டிவைத்தார். அது பெரிய ஆறுதல்.

கடைசியாக ஒத்திகை. பாதுகாப்பு அலுவலர் வந்து, அமிலத்துக்குப் பதில் தண்ணீர் வைத்து எல்லாவற்றையும் செய்துகாட்டச் சொன்னார். தடித்த கையுறையோடு சின்ன டெஃப்லான் குப்பியின் மூடியைத் திருகவே முடியவில்லை. இரண்டாவது குப்பி சாய்ந்து, நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் முழுக்கத் தண்ணீர். அவர் திட்டவில்லை. குப்பிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் தாங்கி ஒன்று செய்துகொண்டு வரச் சொன்னார். பட்டறையில் பாலிஎத்திலீன் பலகையில் துளையிட்டுத் தந்தார்கள். இரண்டாம் ஒத்திகையில் ஒரு துளி சிந்தவில்லை.

விண்ணப்பித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. கருத்தரங்கு போய்விட்டது, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தனியாக வேலை செய்யக் கூடாது என்பது நிபந்தனை. முதல் நாள் லேப் தோழி கதவருகே ஜெல் ட்யூபோடு நின்றிருந்தாள். அனுமதி ஓராண்டுக்குத்தான். அடுத்த முறை 12 குப்பிகளுக்குக் கேட்கப்போகிறேன். புதுத் தாங்கிக்கு இப்போதே அளவு எடுத்தாயிற்று. தண்ணீர் ஒத்திகையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.