பழகிடும் என்றேன்

"இதைக் கட்டிட்டீங்க, சரி. பதிலுக்கு அதுக்கு என்ன சார் குடுக்கப் போறீங்க?"

அந்தப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான். செவலைப் பெட்டைக் குதிரையின் கழுத்தில், கதவைக் கடிக்கவிடாமல் தடுக்கிற வாரை இறுக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பழகிடும்ணே" என்றேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஆறு வருடம் ஆகிறது. நான் சொன்ன பதில்தான் இன்னும் போகவில்லை.

செவலை மரம் கடிக்கிற குதிரை. கதவின் மேல் விளிம்பில் முன்பற்களைப் பதித்து, கழுத்தை வளைத்து, 'ஹக்' என்று காற்றை இழுக்கும். வயிறு முட்டக் காற்றை விழுங்குகிறது என்று லாயத்தில் எல்லோரும் சொல்வோம். உண்மையில் பெரும்பகுதி உணவுக்குழாயின் மேல்பக்கத்தோடு நின்றுவிடுகிறது, வயிற்றுக்குப் போவது கொஞ்சம்தான். பக்கத்து அறைக் குதிரையின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, "இதைப் பார்த்து என்னுதும் கத்துக்கும், ஏதாவது பண்ணுங்க" என்றார். அன்று மாலையே இரண்டு காரியம் செய்தேன். வார் கட்டினேன். செவலையைக் கடைசி அறைக்கு மாற்றினேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மரம் கடிக்கிற குதிரைகளுக்கு ஒருவகை வயிற்றுவலி மற்றவற்றைவிட அதிகம் வருகிறது. சிறுகுடல், வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சின்ன இடைவெளிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும், அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டி வரும். அதனால் பழக்கத்தை நிறுத்தப் பார்ப்பது பொறுப்பான காரியம் என்றுதான் நினைத்தேன். மரம் கடிப்பதால் அந்த வலி வருகிறதா, இரண்டுக்கும் மூலம் வேறு ஒன்றா என்று அப்போது யோசிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. செவலை எங்களிடம் வந்தபோதே அதற்கு ஒன்பது வயது. 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரம் கடித்தல் சுமார் 20 வார வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்கிறது. அதாவது, யாரோ எப்போதோ செய்த வினை. என் தலையில் ஏன் விடிய வேண்டும்?

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது, அதை நான் வெகுநாள் தாண்டித் தாண்டிப் படித்தேன். தாய்ப்பால் மறந்தபின் தானியத் தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் மரம் கடித்தல் நான்கு மடங்கு அதிகமாகத் தொடங்கியிருக்கிறது. குட்டிக்குச் சொன்னதை வளர்ந்த குதிரைக்குப் பொருத்தக்கூடாது என்று வாதாடலாம். நானும் வாதாடினேன். ஆனால் செவலைக்கு நாங்கள் மூன்று வேளை தானியம் வைத்துக்கொண்டிருந்தோம்.

உலர்புல் காலை ஐந்துக்கும் மாலை ஐந்துக்கும். மாலைப் புல்லை எட்டு மணிக்குள் தின்று முடித்துவிடும். அப்புறம் விடியற்காலை ஐந்து வரை ஒன்பது மணி நேரம், வெறும் தரை. வெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்வரை மேயக்கூடிய பிராணி அது. அதன் இரைப்பை தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கிற எச்சில் மெல்லும்போதுதான் ஊறும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல, புதிதாக வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். ஐந்து மணி என்று நேரம் குறித்தவனும் நானே. ஆட்கள் வீட்டுக்குப் போக வசதி.

'கெட்ட பழக்கம்' என்று சொல்லிக்கொண்டே 'பழகிடும்' என்றும் சொல்லியிருக்கிறேன், ஒரே மூச்சில். கதவைக் கடிப்பதுதான் அந்தக் குதிரை அந்த அறைக்குப் பழகிக்கொண்ட விதமாக இருந்திருக்கும். இது இன்றைக்குத் தோன்றுவது. அன்றைக்கு வார் ஒழுங்காக உட்கார்ந்ததா என்பதுதான் என் கவலை.

உட்கார்ந்தது. 'ஹக்' சத்தம் நின்றது. மூன்றாவது வாரம் காதுக்குப் பின்னால் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது, வாரைக் கழற்றினேன். கழற்றிய மறுநிமிடம் போட்ட புல்லைத் திரும்பிப் பார்க்காமல் கதவுக்குப் போனது. அன்று பிற்பகல் முழுக்கக் கடித்தது, முன்பு ஒருநாளும் அப்படிக் கடித்து நான் பார்த்ததில்லை. தடுத்து வைத்துவிட்டு விட்டால் முன்னைவிடக் கூடுதலாகச் செய்யும் என்பது ஆய்வுகளில் ஏற்கெனவே பதிவானதுதான். நான் அதைப் படித்தது அப்புறம்.

உண்மையில் என்னை உறுத்துவது செவலையின் கதைகூட அல்ல. செவலையைக் கடைசி அறைக்குக் கொண்டுபோனதும் பக்கத்து அறைக் குதிரை தனித்துவிட்டது. இந்தப் பக்கம் காலி அறை, அந்தப் பக்கம் சேணங்கள் வைக்கும் அறை. இரண்டு வாரத்தில் அது வாசலில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்ட ஆரம்பித்தது, முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி. தீவன வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் வேகமாக. சொந்தக்காரர் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, தொத்திக்கிச்சு" என்றார்.

தொத்தவில்லை. செவலை ஆடுகிற குதிரையே இல்லை. பக்கத்தில் இன்னொரு குதிரையைப் பார்க்க முடியாததால் வந்தது அது, நான் செய்த மாற்றத்தால் வந்தது. சுவரில் கண்ணாடி மாட்டினாலே இந்த ஆட்டம் வெகுவாகக் குறைகிறது என்று ஓர் ஆய்வு உண்டு. தன் உருவத்தையே துணையாக எடுத்துக்கொள்ளும் அளவுக்குத் தனிமை. இதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அவர் பேச்சைக் கேட்டுத்தான் மாற்றினேன் என்றும் சொல்ல வேண்டும், மாற்றியது தவறு என்றும் சொல்ல வேண்டும். முதலாவது அவருக்குச் சங்கடம், இரண்டாவது எனக்கு. அவருக்காகச் சும்மா இருந்தேன் என்று நம்பத்தான் ஆசை.

பிறகு சரிசெய்தேன், ஓரளவு. செவலையைப் பழைய அறைக்கே கொண்டுவந்தேன். இரண்டு அறைகளுக்கும் நடுவே தடுப்பில் மூக்கும் மூக்கும் தொடுமளவு வெட்டிக் கம்பி போட்டோம். தானியம் பாதியானது. புல்லைச் சின்னக் கண்ணுள்ள வலையில் போட்டு நான்கு வேளையாகப் பிரித்தேன், கடைசி வலை இரவு பத்து மணிக்கு. பகலில் இரண்டையும் சேர்த்து மேய்ச்சலுக்கு விட்டேன். ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிட்டது. செவலை கடிப்பது குறைந்தது, நிற்கவில்லை. பத்து மணி வலைக்கு ஆள் கிடைக்காத இரவுகளில் அடுத்த நாள் கதவைப் பார்த்தாலே தெரியும். சொந்தக்காரர் வார்தான் குணப்படுத்தியது என்று இன்றும் நம்புகிறார்.

பெரியவர் அதற்கடுத்த வருடம் வேலையை விட்டு நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை அவர் குத்திக்காட்டத்தான் கேட்டார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். தீவனம் பிரிக்கிற ஆள், கையில் வாளியோடு நிற்கிறார். வார் கட்டிய குதிரைக்கு அன்று மாலை என்ன வைப்பது என்று நிஜமாகவே கேட்டிருக்கலாம். நானும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

வார் இன்னும் சேண அறையில் தொங்குகிறது. போன வருடம் புதிதாக வந்த ஒரு குதிரை, தீனி முடிந்ததும் கதவைக் கடித்தது. அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். புல் வலையைக் கட்டினேன். அப்புறம் வாரையும் எடுத்து வந்தேன், கொஞ்சம் தளர்வாகக் கட்டினேன், இரண்டே வாரத்துக்கு என்று சொல்லிக்கொண்டு. குதிரையைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் ஏதாவது கேட்பான் என்று வேண்டுமென்றே மெதுவாகக் கட்டினேன். அவன் கேட்கவில்லை.