யாபேஸ்: பெயரின் பொருளைத் தேடிப் போனபோது

பைபிளின் பழைய ஏற்பாட்டில் யூதாவின் வம்ச அட்டவணை பெயர் பெயராக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், 1 நாளாகமம் 4:9, 10-இல், தகப்பன் பேர்கூடச் சொல்லாமல் யாபேஸ் வந்து நிற்கிறான். இரண்டே வசனம்தான். 'நான் துக்கத்தோடே அவனைப் பெற்றேன்' என்று சொல்லித் தாய் அவனுக்கு இந்தப் பேரிட்டாள்; அவன் தேவனிடம் ஜெபித்தான். அவனுடைய ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் ஏராளம். பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், பெரும்பாலும் 'துக்கம்' என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது முழுச் சரியல்ல என்பது எபிரெய எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் தடுக்கி விழுந்தது தமிழ்த் தேடலில். பைபிள் செயலியில் 'யாபேஸ்', 'யாபேசி' என்று தட்டினால் 1 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் சவுல் மீட்டுக் கொடுத்த கீலேயாத்தின் யாபேஸ் ஊரும், 2 இராஜாக்கள் 15-இல் வரும் சல்லூமின் தகப்பன் யாபேசும் சேர்ந்தே வந்து விழும். அவை வேறு பெயர். 'உலர்ந்தது' என்ற பொருளுள்ள 'யாபேஷ்'. எபிரெயத்தின் 'ஷீன்', 'சாதே' என்ற இரண்டு எழுத்துகளையும் தமிழ் பைபிளின் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) 'ஸ்' என்றே எழுதியதால் வந்த குழப்பம் இது. மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் ஸ்ட்ராங்ஸ் எண்ணைப் பார்த்துப் பிரிப்பதுதான் வழி: உலர்ந்த யாபேசுக்கு 3003, நம் யாபேசுக்கு 3258. அப்படிப் பிரித்தால் மிஞ்சுவது நான்கே இடங்கள். 4:9-இல் இரண்டு, 4:10-இல் ஒன்று, 2:55-இல் ஊர்ப்பெயராக ஒன்று.

அடுத்து எழுத்துகள். யாபேஸ் என்ற பெயர் யோத், ஆயின், பேத், சாதே. தாய் சொன்ன 'துக்கம்' என்ற சொல் 'ஓட்சேப்': ஆயின், சாதே, பேத். முன்னால் நிற்கும் யோத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள், கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி நிற்கின்றன. தசை சதையாவதும் விசிறி சிவிறியாவதும் நமக்குப் பழக்கம்தானே, கிட்டத்தட்ட அதே மாற்றம்! ஆனால் பெயரில் உள்ள வரிசையில் அமைந்த வேர்ச்சொல் எபிரெய வேதாகமத்தில் வேறெங்கும் இல்லை. அதனால் 'யாபேஸ் என்றால் துக்கம்' என்று அகராதிபோல எழுதக் கூடாது. 'துக்கம் என்ற சொல்லை ஒலியால் நினைவூட்டும் பெயர்' என்று எழுதுவதே சரி. கிரேக்கத் திருப்புதலான செப்துவஜிந்தும் பொருளை மொழிபெயர்க்காமல், ஆயினுக்கு 'க' ஒலி கொடுத்து 'இகாபேஸ்' என்று ஒலியையே எழுதி வைத்தது. காசா, கொமோரா என்ற ஊர்ப்பெயர்களில் 'க' வந்ததும் இந்த ஆயினால்தான்.

மூன்றாவது, அதே வேரிலிருந்து பிறந்த சொற்கள் வேறெங்கே வருகின்றன என்று பார்ப்பது. தமிழை மட்டும் வைத்துத் தேடினால் இங்கே கோட்டை விட்டுவிடுவோம். ஆதியாகமம் 3:16-இல் ஏவாளிடம் 'வேதனையோடே பிள்ளை பெறுவாய்' என்கிற இடத்திலும், அடுத்த வசனத்தில் ஆதாமிடம் 'வருத்தத்தோடே' என்கிற இடத்திலும் இருப்பது இதே வேர். தமிழில் வேதனை, வருத்தம், துக்கம் என்று மூன்றாகப் பிரிந்துபோனதால் தொடர்பு கண்ணில் படுவதில்லை. 'நான் துக்கத்தோடே அவனைப் பெற்றேன்' என்று யாபேசின் தாய் சொல்லும்போது, ஏவாளுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அதில் எதிரொலிக்கிறது.

ஆனால் 9, 10 வசனங்களுக்குள் பழைய திருப்புதல் அருமையாகக் கைகொடுக்கிறது. 9-இல் 'துக்கத்தோடே', 10-இல் 'தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு'. மூலத்திலும் இரண்டும் ஒரே வேர். முதலாவது பெயர்ச்சொல், இரண்டாவது வினை. பிரசங்கங்களில் 'என் எல்லையைப் பெரிதாக்கி' என்பதற்குத்தான் அழுத்தம் விழுகிறது. பெயரோடு சேர்த்து வாசித்தால் ஜெபத்தின் கனம் கடைசி வாக்கியத்துக்கு நகர்ந்துவிடுகிறது. தாய் தன் வலியைக் கொண்டு பேரிட்டாள். அந்தப் பேர் தன் வாழ்க்கையில் பலிக்கக் கூடாது என்று மகன் மன்றாடுகிறான். ராகேல் சாகும் தறுவாயில் இட்ட 'பெனொனி' என்ற பெயரை யாக்கோபு 'பென்யமீன்' என்று மாற்றினான். யாபேசின் பெயரை யாரும் மாற்றவில்லை. வேண்டிக்கொண்டதைத் தேவன் அருளினார் என்று முடிகிற வசனத்திலும் அவன் யாபேஸ்தான்.