ஸ்மார்ட் பிளக் ஆப்பில் சேர மறுக்கிறதா? முதலில் அதன் விளக்கைப் பாருங்கள்

போனிலிருந்தே போட்டு அணைக்கக்கூடிய ஸ்மார்ட் பிளக்கைச் செருகி, ஆப்பில் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகு, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் கழித்து 'சேர்க்க முடியவில்லை' என்று வரும். பாஸ்வேர்டு தப்பா, சிக்னல் இல்லையா, போனில் அனுமதி இல்லையா என்று ஆப் பிரித்துச் சொல்லாது. பெரும்பாலான தவறுகளுக்கு அந்த ஒரே வரிதான். அதனால் பிளக்கே பழுது என்று முடிவு கட்டிக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்புவதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சேர்ப்பது என்பது மூன்று வேலை. போனிலிருந்து வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பிளக்குக்குப் போக வேண்டும். அதை வைத்துப் பிளக் உங்கள் மோடத்தில் நுழைய வேண்டும். பிறகு இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வரில் உங்கள் கணக்கின் கீழ் பதிவாக வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள வழி, பிளக்கில் இருக்கும் சின்ன விளக்கு.

ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேரும் பிளக், பல்பு வகைகளை எடுத்துக்கொள்வோம். பெயர் தெரியாத பல கம்பெனிப் பொருள்களும் இந்த ஆப்பில்தான் சேர்கின்றன. பிளக்கின் பட்டனை 5 விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்கு வேகமாக, விநாடிக்கு இரண்டு தடவை மின்னும். மறுபடி 5 விநாடி பிடித்தால் மெதுவாக, 3 விநாடிக்கு ஒரு தடவை மின்னும். இரண்டும் வேறு வேறு முறை. ஆப்பிலும் அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்னவே இல்லை என்றால் பிளக் சேரத் தயாராகவே இல்லை. மின்ன ஆரம்பித்துச் சுமார் 3 நிமிடத்தில் அந்த வாய்ப்பும் முடிந்துவிடும். ஆப்பில் கணக்குத் திறந்து, ஓடிபி வாங்கி, வீட்டுக்குப் பெயர் வைத்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்திருக்கும். முதலில் ஆப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, கடைசியாகப் பட்டனைப் பிடியுங்கள். பல்பில் பட்டன் கிடையாது. ஸ்விட்சை மூன்று தடவை போட்டு அணைக்க வேண்டும், சில வகைகளில் ஐந்து தடவை.

வேகமாக மின்னும் முறை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அந்த நேரத்தில் பிளக் எந்த வைஃபையிலும் இல்லை, சும்மா காற்றை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறது. போன் சிறு சிறு பொட்டலங்களாகத் தகவலை வீசுகிறது. உள்ளே இருப்பது பூட்டப்பட்டிருப்பதால் பிளக்கால் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று அளக்க முடியும். அந்த நீளங்களில்தான் உங்கள் பாஸ்வேர்டு எழுத்தெழுத்தாக ஒளிந்திருக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் பிளக்கின் காதுக்கு எட்டினால்தான் வேலை நடக்கும்.

இங்கேதான் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் விஷயம் வருகிறது. வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசும். விலை குறைந்த பிளக்குகளில் பெரும்பாலும் இருக்கும் வைஃபை சிப்புகளுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது. இந்தத் துறையில் எங்கும் பரவிய ஈஎஸ்பி8266 சிப்பும் 2.4 மட்டும் பேசுவதுதான். இப்போதைய ஃபைபர் மோடங்கள் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்து, போனை 5-க்குத் தள்ளிவிடுகின்றன. போன் 5-ல் பேச, பிளக் 2.4-ல் காத்திருக்கும். மோடத்தின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1, கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும்) 5-ஐத் தற்காலிகமாக நிறுத்துங்கள், அல்லது அதற்கு வேறு பெயர் வையுங்கள். பிளக் சேர்ந்த பிறகு பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். சேர்ந்துவிட்ட பிளக்குக்குப் போன் எந்த அலையில் இருக்கிறது என்பது பொருட்டில்லை.

அதே பக்கத்தில் இன்னும் மூன்றைப் பாருங்கள். சேனல் என்பது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு பாதை. 2.4-ன் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாக இருக்கட்டும்; 40-ல் வரும் பொட்டலங்களைச் சில சிப்புகளால் ஒட்டுக்கேட்க முடியாது. சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக வையுங்கள். 12, 13-ஐப் பார்க்காத கருவிகள் உண்டு. வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறை, புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பழைய கருவிகள் உள்ளே வராது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 (ஏஇஎஸ் என்று சேர்த்துப் போட்டிருக்கும்) போதும்.

மெதுவாக மின்னும் முறையில் பிளக்கே ஒரு வைஃபையைக் கிளப்பும். 'ஸ்மார்ட்லைஃப்' என்று தொடங்கும் பெயர் போனில் தெரியும். அதில் சேர்ந்ததும் போன் 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று கண்டுபிடித்துச் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஆப் அனுப்பும் தகவல் பிளக்குக்குப் போகாமல் செல்போன் டவருக்குப் போகும். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்தால் உடனே சேர்ந்துவிடுவதைப் பார்க்கலாம். வேகமாக மின்னும் முறை இரண்டு தடவை தோற்றால் மூன்றாவது தடவை அதையே செய்யாதீர்கள். இந்த முறைக்கு மாறுங்கள். மெதுவாக இருந்தாலும் நம்பகமானது இதுதான்.

புதிய வகைகள் பாஸ்வேர்டைப் புளூடூத்தில் வாங்கிக்கொள்கின்றன. ஆப் பிளக்கைத் தானாகவே கண்டுபிடித்து, பிறகு பாதியில் நின்றால் முதல் கட்டம் நன்றாக இருக்கிறது, கோளாறு மோடம் பக்கம் என்று அர்த்தம். கண்டுபிடிக்கவே இல்லை என்றால் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் லொகேஷன் அணைந்திருந்தால் ஆப்பால் வைஃபை பெயரைக்கூடப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதியும் வேண்டும். ஐபோனில் 2020-ல் வந்த ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியவர்கள் செட்டிங்ஸில் போய்த் திரும்பக் கொடுக்க வேண்டும். விபிஎன் (போனின் இணையத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்) ஓடினால் நிறுத்துங்கள்.

பாஸ்வேர்டைக் கண் ஐகானைத் தட்டி, தெரியும்படி வைத்துப் படியுங்கள். கீபோர்டு தானாக முடித்துத் தந்தால் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். வைஃபை பெயரும் முக்கியம். பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனிக் கணக்கு. 'எங்கள் வீடு' என்று வைத்தாலே 31 பைட் போய்விடும். தமிழில் பெயர் வைப்பது பிடித்த விஷயம்தான், போனும் மடிக்கணினியும் அதை ஏற்கும். ஆனால் சில பிளக்குகள் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் தவிர வேறெதையும் சரியாகப் படிப்பதில்லை. 2.4-க்கு மட்டுமாவது எளிய ஆங்கிலப் பெயர் இருக்கட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சேரவில்லையா? வேறொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, 2.4-ஐத் தேர்ந்தெடுத்து (ஐபோன் என்றால் 'மேக்சிமைஸ் காம்பேட்டிபிலிட்டி'யைப் போட்டு), பிளக்கை அதில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் பிளக் நல்ல பிளக், குறை மோடத்தில். அங்கே கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) சேர்க்கப் பார்க்கிறீர்களா, மேக் ஃபில்டர் (பட்டியலில் உள்ள கருவிகளை மட்டும் விடும் அமைப்பு) போட்டிருக்கிறதா, கருவிகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிட்டதா என்று பாருங்கள். சில மோடங்கள் 16 அல்லது 32 கருவிகளோடு கதவைச் சாத்திவிடும். ஹாட்ஸ்பாட்டிலும் சேரவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும்.

'வேறு கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது' என்று வந்தால் முதல் இரண்டு கட்டமும் முடிந்துவிட்டன, சர்வர்தான் மறுக்கிறது. பட்டனை எத்தனை தடவை பிடித்தாலும் இது போகாது. பழைய சொந்தக்காரர் தன் ஆப்பிலிருந்து அதை நீக்கித் தர வேண்டும். பழைய பொருள் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே அவர் கையால் நீக்கச் சொல்லிவிடுங்கள்.

சாதா ஸ்விட்சின் பின்னால் சுவருக்குள் வைக்கும் ஸ்விட்ச் மாட்யூல் என்ற சின்னக் கருவிக்கு வேறு தொல்லை உண்டு. மேசையில் வைத்தால் சேரும், உள்ளே தள்ளி மூடினால் ஆஃப்லைன். நம் வீடுகளில் சுவரில் புதைக்கும் ஸ்விட்ச் பாக்ஸ் பெரும்பாலும் இரும்புத் தகடு. மாட்யூலின் ஆன்டெனா அதன் சர்க்யூட் அட்டையின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு செம்புக் கோடுதான். அது தகட்டை ஒட்டிக் கிடந்தால் சிக்னல் செத்துவிடும். மெயினை அணைத்துவிட்டு, அந்த ஓரம் முன்பக்க பிளாஸ்டிக் பிளேட்டைப் பார்த்து இருக்குமாறு மாட்யூலைத் திருப்பி வைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். ஒயர்க் கட்டை அதன் மேல் அமுக்க வேண்டாம்.

சேர்ந்த கருவி கரன்ட் போய் வந்த பிறகு ஆஃப்லைன் ஆனால் அவசரப்பட்டு ஆப்பிலிருந்து நீக்காதீர்கள். நீக்கினால் போட்டு வைத்த டைமர்களும் போய்விடும். பிளக் சில விநாடியில் விழித்துவிடும், ஃபைபர் மோடம் முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் பொறுங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் பிளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். பல்புக்கு இதில் இன்னொரு ஆபத்து: கரன்ட் சட்சட்டென்று மூன்று தடவை போய் வந்தால், நீங்கள்தான் ஸ்விட்சைப் போட்டு அணைத்தீர்கள் என்று நினைத்து அது ரீசெட் ஆகி மின்ன ஆரம்பிக்கும். அதை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டியதுதான்.

மோடத்தை மாற்றும்போது புதியதில் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் எழுத்து மாறாமல் போடுங்கள். வீட்டில் இருபது கருவி இருந்தாலும், ஒன்றின் பட்டனையும் தொடாமல் எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.