கொட்டிலும் கொப்பியும்

காலை மணி அடிப்பதற்குள் எங்கள் வகுப்பில் பலருக்கு வீட்டில் ஒரு பாட்டம் வேலை முடிந்திருக்கும். யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கம் செம்பாட்டுத் தோட்டம் இருந்த வீடுகளில் மாடும் ஆடும் இருக்கும், அவற்றைப் பார்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு.

வெள்ளன எழும்பிக் கொட்டிலைக் கூட்டி, சாணகத்தை அள்ளிக் குப்பைக் கிடங்கில் போடுவோம். போரால் 1990 இல் பொருளாதாரத் தடை வந்து யூரியா கிடைக்காமல் போன பிறகு, ஐயா ஒரு கடகம் எருவைக்கூட வீணாக விடமாட்டார். வாழைக்கும் புகையிலைக்கும் அதுதான் பசளை.

பின்னேரம் ஆட்டுக்குக் குழை. கொக்கத்தடியால் பூவரசங்குழை முறித்து வந்து தொங்கக் கட்ட வேண்டும். நிலத்தில் போட்டு மிதிபட்டதை ஆடு சீண்டாது. ஆவணி வெயிலில் புல் கருகினால் மாட்டுக்குப் பனையோலை. ஈர்க்கை நீக்கி, விரலகலத்தில் நீளநீளமாகக் கிழித்துப் போட வேண்டும். ஓலையின் ஓரம் கையை அறுக்கும். அம்மம்மா கதைத்துக்கொண்டே கிழிக்கிற வேகத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்தாலும் ஈடில்லை. மடியில் ஓலை, பக்கத்தில் விரித்த கொப்பி. சோதனைக்குப் பாடமாக்கியது பெரும்பாலும் அப்படித்தான்.

மாடு கன்று போடுகிற இரவில் ஜாம் போத்தல் விளக்கோடு ஐயா கொட்டிலிலேயே இருப்பார். இளங்கொடி (நஞ்சுக்கொடி) விழும்வரை நித்திரை இல்லை, மாடு அதைத் தின்றுவிடும் என்ற பயம். விழுந்ததும் உமல் என்கிற ஓலைப் பையில் போட்டுக் கட்டி, விடியமுன் கொண்டுபோய் ஆலமரத்தில் தொங்கவிடுவார். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் பெருகும் என்பது ஊர் நம்பிக்கை. புதிதும் பழையதுமாக எத்தனையோ வீட்டு உமல்கள் அந்த ஆலில் தொங்கும். கன்று போட்டதும் கறக்கிற கடும்புப் பால் அயல் வீடுகளுக்கும் போகும். அந்த ருசிக்கு இணையான ஒன்றை இந்தக் குளிர் நாட்டில் நான் இன்னும் காணவில்லை.

1995 ஒக்டோபர் 30, போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு. பல வீடுகளில் தொட்டியை நிரப்பி வைத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்கள் ஆடுகளையும் அப்படித்தான் விட்டோம். சிவப்பிப் பசுவை விட அம்மம்மா சம்மதிக்கவில்லை. "வாயில்லாச் சீவனை விட்டிட்டு எப்பிடியடா தம்பி போறது?" என்றார். மழையில், சனநெரிசலில், கயிற்றைப் பிடித்தபடி அவரும் நானும் கைதடி வரை நடந்தோம். மீசாலையில் எங்களுக்கு இடம் தந்த வீட்டுக்காரர் முதலில் மாட்டுக்குத்தான் வைக்கல் போட்டார். அந்த மனிதரை நான் மறக்க முடியாது. பிறகு அந்த வளவில் ஒதுங்கிய குழந்தைகளுக்கெல்லாம் சிவப்பியின் பால்தான்.

பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல்களில் ஆசிரியர்களைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் நிறையக் கதைக்கிறோம். இந்த வேலைகளையும் எழுதி வைக்க வேண்டும். உமல் தொங்கிய ஆலமரத்தின் படம் யாரிடமாவது இருந்தால், அடுத்த மலருக்கு அனுப்புங்கள். உங்கள் வீட்டு மாட்டின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.