புதன்கிழமை மட்டும் மக்காத குப்பை

எங்கள் தெருவில் மக்காத குப்பையை இனி புதன்கிழமை மட்டும்தான் எடுப்பார்களாம். முன்னறிவிப்பே இல்லை. திங்களன்று வாளியோடு வாசலில் நின்றபோது, வண்டியில் வந்த அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை. எல்லா வீட்டு ஏச்சையும் பாவம், அவர்தான் வாங்குகிறார்.

பால் பாக்கெட்டை வெட்டி, கழுவி, காயவைத்து எடுத்து வைக்கிற வீடு இது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொல்கின்றன; பிரிக்கிறோம். ஐந்து பேர் வாழும் வீட்டில் ஒரு வாரக் குப்பையை எங்கே வைப்பது? கீழ்வீட்டுப் பாட்டி படிக்கட்டுக்கு அடியில் மூட்டை கட்டி வைக்கிறார். எலி கடித்துக் குதறுகிறது. எதிர்வீட்டில் பொறுமையிழந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போடத் தொடங்கிவிட்டார்கள். சாம்பாரில் ஊறிய அட்டையும் தாளும் மறுசுழற்சிக்கு ஆகுமா? நேற்று இரவு காலி மனையில் யாரோ பிளாஸ்டிக்கைக் கொளுத்த, விடியும்வரை என் மகனுக்கு இருமல்.

புதன்கிழமை விடுமுறை வந்தால் பதினான்கு நாள்!

வாரம் இரண்டு முறையாவது வண்டி வர வேண்டும். குப்பை எடுக்கும் கிழமையை மாற்றினால் அந்த வண்டியின் ஒலிபெருக்கியிலேயே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மனு எழுதி வைத்திருக்கிறேன். தெருக்காரர்கள் ஞாயிறு காலை வந்து கையெழுத்திடுங்கள்.